உடைந்த கைக்குள் இரும்பு பிளேட் வைத்த பிடிவாதக்காரர்... யார் இந்த டாக்டர் ஆர்பத்நாட் லேன்?

பைக்கில் போகும்போது சறுக்கி, கையை ஊன்றி விழுகிறார் ஒருவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டில் ஒரு முறிவு, அதற்குச் சற்று மேலே முன்கை எலும்பில் இன்னொரு முறிவு. மாவுக்கட்டு மட்டும் போதாது, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்கணும் என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். கட்டு போட்டா சேராதா, எதுக்கு அறுக்கணும்?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. சுமார் 130 வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு டாக்டரைப் பார்த்து மற்ற டாக்டர்களே கேட்ட கேள்வி இது. அவர் பெயர் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன். எலும்புக்கு பிளேட் வைத்த முதல் ஆள் அவர் இல்லை. ஆனால் தோல் கிழியாத சாதாரண எலும்பு முறிவைக்கூட திறந்து, நேராகப் பொருத்தி, ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம், நோயாளியும் உயிரோடு வீட்டுக்குப் போவார் என்று ஊருக்கே காட்டியவர் அவர்தான். அதே லேன், பிற்காலத்தில் மலச்சிக்கலுக்காக மனிதர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனுஷர் யார் என்று புரியும்.

ராணுவ டாக்டரின் மகன்

1856 ஜூலை 4. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபோர்ட் ஜார்ஜ் என்ற ராணுவக் கோட்டையில் பிறந்தார் லேன். அப்பா பெஞ்சமின் லேன், பிரிட்டிஷ் ராணுவத்தில் டாக்டர். அப்பாவுக்கு எங்கே மாறுதலோ அங்கே குடும்பமும் மூட்டை கட்டும். எட்டு பிள்ளைகளில் மூத்தவர் இவர்.

16 வயதில், 1872-ல், லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். அதன்பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி அந்தக் கட்டடத்தில்தான். 1882-ல் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஃபெலோ ஆனார். குழந்தைகளுக்கான கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார்.

கைஸில் அவர் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்த வருஷங்களை நிறைய பேர் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாணவர்கள் அறுத்துப் படிக்க வரும் உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. வருஷக்கணக்கில் நிலக்கரி சுமந்தவர், குனிந்தே உட்கார்ந்து செருப்பு தைத்தவர் என்று பலதரப்பட்டவர்கள். லேன் அந்த எலும்புகளை உற்றுப் பார்த்தார். ஒருத்தர் என்ன வேலை செய்தார் என்பது அவர் எலும்பிலேயே எழுதியிருந்தது. தினமும் ஒரே பக்கமாகச் சுமை ஏற்றினால் அந்தப் பக்க மூட்டு தேய்கிறது, எலும்பு தடிக்கிறது, சில இடத்தில் புது மூட்டு மாதிரி ஒன்றே உருவாகிறது. செருப்பு தைப்பவர் ஒருவரின் உடலை வைத்து 1888-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்.

இந்தப் பழக்கம் இன்னொரு விஷயத்தையும் அவர் கண்ணில் காட்டியது. எப்போதோ உடைந்து, கட்டுப்போட்டு, நல்லா சேர்ந்துவிட்டது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிய எலும்புகள். உள்ளே பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோணலாக, குட்டையாகச் சேர்ந்திருந்தன. சேர்ந்தது என்னவோ நிஜம்தான். எப்படிச் சேர்ந்தது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

துறைமுகத் தொழிலாளியின் கை

கைஸ் மருத்துவமனை இருப்பது தேம்ஸ் நதியின் தென்கரையில், லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில். கொஞ்ச தூரத்தில் கப்பல்துறைகள். மூட்டை சரிந்து விழுந்தவர், பலகையில் இருந்து வழுக்கியவர், சங்கிலியில் கை மாட்டியவர் என எல்லாரும் வந்து சேரும் இடம் அது.

அந்தக் காலத்து துறைமுக வேலை எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் லேனின் கோபம் புரியும். நிரந்தர வேலை கிடையாது. காலையில் வாசலில் கூட்டமாக நிற்கணும், மேஸ்திரி கை காட்டுகிறவருக்குத்தான் அன்றைக்கு வேலை, அதுவும் சில மணி நேரத்துக்கு. ஒரு மணி நேரத்துக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு 1889-ல் லண்டன் துறைமுகமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் வந்ததே 1897-ல்தான். அதற்கு முன்னால் கை வளைந்துபோன தொழிலாளியை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்?

லேன் கேட்ட கேள்வி இதுதான். இந்த ஆள் பழைய வேலைக்குத் திரும்பினாரா, பழைய கூலி வாங்குகிறாரா? எலும்பு சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்ட காலத்தில், சம்பாதிக்கும் சக்தியை வைத்து சிகிச்சையை எடைபோட்டார் அவர். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். 1890-களில் லண்டனின் பெரிய சர்ஜன்களுக்கு இது எரிச்சலைத்தான் கிளப்பியது, ஏன்னா அவர்கள் நல்ல ரிசல்ட் என்று எழுதி வைத்திருந்த கேஸ்களைத்தான் லேன் தோல்வி என்றார்.

அவருக்குத் துணைக்கு வந்தது எக்ஸ்ரே. 1895-ல் ஜெர்மனியில் ரோன்ட்கென் அதைக் கண்டுபிடித்ததும், கட்டுக்குள் எலும்பு எப்படி இருக்கிறது என்பது முதல் தடவையாக வெளியே தெரிந்தது. கையால் தடவிப் பார்த்து நேராகிவிட்டது என்று சொன்ன எத்தனையோ முறிவுகள் நேராகவே இல்லை.

அறுப்பதே ஆபத்தாக இருந்த காலம்

அப்போ மற்ற டாக்டர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது.

தோல் கிழியாமல் உள்ளே மட்டும் எலும்பு உடைந்தால் ஆள் பிழைத்துவிடுவார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், கையையோ காலையோ வெட்டணும், பல நேரம் உயிரே போகும். ஆன்டிபயாட்டிக் கிடையாது. பென்சிலின் எல்லாம் இன்னும் அரை நூற்றாண்டு தள்ளி. அப்படியிருக்க, மூடியிருக்கும் முறிவை டாக்டரே கத்தி வைத்துத் திறப்பது என்றால், பிழைக்கக்கூடிய நோயாளியை சாகக்கூடிய நோயாளியாக மாற்றுவதுதான். எதிர்த்தவர்களின் வாதம் இதுதான், அதில் நியாயமும் இருந்தது.

இந்தப் பயத்தை முதலில் அசைத்தவர் ஜோசப் லிஸ்டர். 1865-ல் கிளாஸ்கோவில், எலும்பு வெளியே தெரிந்த 11 வயது பையன் ஒருவனின் காலுக்கு கார்பாலிக் அமிலம் போட்டு சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். 1877-ல் லண்டனில் உடைந்த முழங்கால் சில்லைத் திறந்து கம்பியால் கட்டினார். 1886-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹான்ஸ்மன் என்பவர் எலும்பில் உலோகத் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார். பதிவில் இருக்கும் முதல் எலும்பு பிளேட் அதுதான். அவருடைய தகட்டின் ஒரு முனையும் ஸ்க்ரூக்களின் வாலும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில வாரம் கழித்து கழற்றிவிடுவார். தோலுக்கு வெளியே ஒரு வழி வைத்தால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரிதானே.

லேன் அந்த வாசலை மூடப் பார்த்தார்.

கை படாத ஆபரேஷன்

1890-களின் தொடக்கத்தில் அவர் மூடிய முறிவுகளைத் திறந்து ஸ்டீல் ஸ்க்ரூ போட ஆரம்பித்தார். முன்னால் வெள்ளிக் கம்பி பயன்படுத்திப் பார்த்தவர், அது இறுக்கமாகப் பிடிக்காததால் ஸ்க்ரூவுக்கு மாறினார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஸ்க்ரூவோடு ஸ்டீல் பிளேட்டும் வந்தது. எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்வது பற்றிய அவருடைய புத்தகம் 1905-ல் வெளியானது.

ஆனால் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு பிளேட் இல்லை என்றுதான் சொல்லணும். அது ஒரு ஒழுக்கம். ஆங்கில மருத்துவ உலகில் நோ டச் டெக்னிக் என்று பெயர் வாங்கிய முறை.

லிஸ்டர் கிருமியை மருந்து போட்டுக் கொன்றார். லேன் யோசித்தது வேறு மாதிரி. கிருமி உள்ளேயே போகாவிட்டால் கொல்லவேண்டிய வேலையே இல்லையே! அதனால் காயத்துக்குள் போகும் எதையும் கை தொடக்கூடாது. கிளவுஸ் போட்ட கையும் கூடாது. கருவியின் கைப்பிடியைத் தொடலாம், காயத்துக்குள் போகும் நுனியைத் தொடக்கூடாது. இதற்காகவே கருவிகளை நீளநீளமாகச் செய்ய வைத்தார். பிளேட்டை இடுக்கியால் எடுப்பார், ஸ்க்ரூவை இடுக்கியால் வைப்பார், ரத்தம் துடைக்கும் பஞ்சும் இடுக்கியில்தான். தைக்கும் நூலைக்கூட விரல் தொடாது.

தோலை வெட்டிய கத்தி அதோடு ஓரமாகப் போய்விடும், உள்ளே வெட்ட வேறு கத்தி. வெட்டிய தோலின் ஓரத்தில் துணியை வைத்து கிளிப் போட்டு மூடிவிடுவார், தோலில் இருக்கும் கிருமி எலும்புப் பக்கம் போகாமல் இருக்க. பார்க்க வந்த வெளிநாட்டு சர்ஜன்கள் அசந்து போனார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கரண்டி படாமல் ஒரு பருக்கைகூட இலையில் விழாத மாதிரி ஒரு வேலை அது.

இது எவ்வளவு முக்கியம் என்பது அவரைக் காப்பியடித்தவர்கள் மூலமாகத்தான் தெரிந்தது. லேன் பிளேட் கடையில் கிடைத்தது, வாங்கிவிட்டார்கள். லேன் ஒழுக்கம் கடையில் கிடைக்கவில்லை. கையைவிட்டுத் துழாவி பிளேட் வைத்தார்கள், சீழ் பிடித்தது. பழி பிளேட் மேல் விழுந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் ஒரு கமிட்டியே போட்டு எலும்பு முறிவு சிகிச்சைகளை அலசியது. 1912-ல் வந்த அந்த அறிக்கை ஆபரேஷனை ஒதுக்கித் தள்ளவில்லை, ஆனால் பழக்கப்பட்ட கைகள்தான் செய்யவேண்டும் என்ற பக்கம் நின்றது.

லேன் பிளேட் ஏன் நிற்கவில்லை?

இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் லேன் பிளேட் வைப்பதில்லை. இரண்டு குறை அதில்.

ஒன்று, உலோகம். அவர் பயன்படுத்தியது கார்பன் அதிகமுள்ள ஸ்டீல். உடம்புக்குள் இருப்பது உப்புத்தண்ணீர் மாதிரியான திரவம். அதில் அந்த ஸ்டீல் துருப்பிடித்தது, சுற்றியிருந்த சதை வீங்கியது, ஸ்க்ரூ தளர்ந்தது. துருப்பிடிக்காத ஸ்டீலை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதே 1913-ல்தான். அது எலும்புக்குள் போவதற்கு இன்னும் காலம் பிடித்தது.

இரண்டாவது, வடிவம். ஓட்டைகளுக்கு இடையில் பிளேட் ஒல்லியாக இருந்தது. முறிவு இருக்கும் இடத்தில்தான் பிளேட்டுக்கு வேலை அதிகம், அங்கேயே அது பலவீனம். வளைந்தது, சில நேரம் ஒடிந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஸ்டீல் கம்பெனியின் டாக்டராக இருந்த வில்லியம் ஷெர்மன், வனேடியம் கலந்த ஸ்டீலில் இதைவிடப் பலமான பிளேட்டை 1912-ல் கொண்டுவந்தார். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஆல்பின் லாம்போட் தன் பட்டறையில் தானே பிளேட்டும் ஸ்க்ரூவும் செய்தார். இவர் வயலின் செய்வதிலும் கெட்டிக்காரர். எலும்பை உலோகத்தால் இணைப்பதற்கு ஆஸ்டியோசிந்தசிஸ் என்று பெயர் வைத்ததும் லாம்போட்தான். லேனைவிட நல்ல பிளேட்டுகள் அவருடையவை. பெயர் என்னவோ லேனுக்குத்தான் பெரிசாகக் கிடைத்தது. லண்டனில் இருந்ததால்கூட இருக்கலாம்!

முன்கைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்?

மேஸ்திரி திருப்பி அனுப்பிய அந்தத் தொழிலாளிக்கு வருவோம். தொடை எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் நொண்டி நடக்கலாம். முன்கை எலும்பு கோணலாகச் சேர்ந்தால் என்ன ஆகும்?

உங்கள் உள்ளங்கையை மேலே பார்க்கிற மாதிரி வையுங்கள், இப்போ தரையைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். சாதாரண விஷயம்தான். ஆனால் உள்ளே நடப்பது அபாரம். முன்கையில் இரண்டு எலும்பு. சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். அல்னா ஏறக்குறைய அசையாமல் தூண் மாதிரி நிற்க, ரேடியஸ் அதைச் சுற்றிக்கொண்டு போய் குறுக்கே படுக்கிறது. வாளியின் கைப்பிடி சுழல்கிற மாதிரி. இதற்கு ரேடியஸ் லேசாக வில் போல வளைந்திருக்கணும். அந்த வளைவு போய்விட்டால் ஓர் எலும்பு இன்னொன்றில் முட்டும். கோணல் 20 டிகிரி அளவுக்குப் போனாலே சுழற்சி நன்றாகக் குறைந்துவிடும்.

சுழற்சி போனால் சாவியைத் திருப்ப முடியாது. சில்லறை வாங்க உள்ளங்கையை நீட்ட முடியாது. சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது சிரமம். கப்பல்துறையில் மூட்டையைத் தாங்கிப்பிடிக்க முடியாது. அதனால்தான் எலும்பு டாக்டர்கள் முன்கையை வெறும் இரண்டு எலும்பாகப் பார்ப்பதில்லை, முழுசாக ஒரு மூட்டாகவே பார்க்கிறார்கள். மூட்டு என்றால் மில்லிமீட்டர் கணக்கு.

மணிக்கட்டும் சேர்ந்து உடைந்தால் சிக்கல் இரட்டிப்பு. மணிக்கட்டு முறிவைப் பற்றி டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே எழுதினார், எக்ஸ்ரே இல்லாத காலத்தில், வெறும் கண்ணாலும் கையாலும் பார்த்து. கை கோணலாகவே இருந்தாலும் நாளடைவில் வலி போய் அசைவு வந்துவிடும் என்பது அவர் கணிப்பு. அதே வருஷம் இத்தாலியில் மான்டெஜியா, அல்னா உடைந்து முழங்கைப் பக்கம் ரேடியஸ் மூட்டு நழுவும் காயத்தை விவரித்தார். மணிக்கட்டுப் பக்கத்துக் கதையை மிலனில் கலியாட்ஸி 1934-ல் 18 நோயாளிகளை வைத்து எழுதினார். ரேடியஸின் நடுத்தண்டு உடைந்து, மணிக்கட்டில் ரேடியஸும் அல்னாவும் சேரும் சின்ன மூட்டு நழுவிவிடும். பெரியவர்களுக்கு இதில் கட்டுப்போட்டு சமாளிக்க முடியாது. ஒவ்வொரு தசையும் ஒரு பக்கம் இழுக்கும். கட்டுக்குள்ளேயே எலும்பு நகர்ந்துவிடும்.

லேன் வாதாடியது இதைத்தான். வெளியே இருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே இழுக்கிற தசையை நிறுத்த முடியாது என்றார். நம்ம ஊரில் புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிக்கும் குடும்பங்களில் இன்றைக்கும் இதே வாதம் ஓடுகிறது. சில முறிவுகளுக்குக் கட்டு போதும் என்பதும் உண்மை. விரிசல் மட்டும் விட்ட எலும்பு, விலகாத மணிக்கட்டு முறிவு, வளரும் குழந்தைகளின் பல முறிவுகள் எல்லாம் கட்டிலேயே சேர்ந்துவிடும். பெரியவர்களின் முன்கைத் தண்டு விலகி உடைந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

எலும்பில் இருந்து குடலுக்கு

இங்கேதான் கதை திரும்புகிறது. லேன் கை வைக்காத உறுப்பு இல்லை. பிறந்த சில நாளே ஆன குழந்தைகளுக்கு அண்ணப்பிளவு ஆபரேஷன் செய்தார். 1900-களின் தொடக்கத்தில் ஆபரேஷன் மேசையில் ஒருவருடைய இதயம் நின்றுவிட, திறந்திருந்த வயிறு வழியாகக் கையைவிட்டு உதரவிதானத்துக்குக் கீழே இருந்து இதயத்தைப் பிசைந்தார். ஆள் பிழைத்தார். வெற்றிகரமான இதய மசாஜ் என்று பதிவான ஆரம்ப கேஸ்களில் அது ஒன்று. கை படாமல் ஆபரேஷன் செய்தவர் கையாலேயே இதயத்தை ஓடவைத்தார், பாருங்க.

இப்படி எதைத் தொட்டாலும் ஜெயித்த ஒருவருக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. மலம் பெருங்குடலில் தேங்கினால் விஷம் ரத்தத்தில் கலக்கிறது, பல நோய்களுக்கு அதுதான் மூலம் என்று நம்பினார். அவர் மட்டும் இல்லை, நோபல் பரிசு வாங்கிய மெச்னிகாஃப்கூட பெருங்குடல் கிருமிகளால்தான் முதுமை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். லேனின் தர்க்கம் பழைய தர்க்கம்தான். உடம்பு ஓர் எந்திரம், பாகம் சரியில்லை என்றால் திறந்து சரிசெய். முதலில் சிறுகுடலை நேராகக் குடலின் கடைசிப் பகுதியோடு இணைத்து பெருங்குடலைச் சுற்றிவிட்டார். பிறகு பெருங்குடலையே வெட்டி எடுத்தார்.

சீழ் பிடிக்காத எலும்பு ஆபரேஷன் ஒரு விஷயம். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் குடலைத் திறப்பது முற்றிலும் வேறு விஷயம். குடலுக்குள்ளேயே கிருமி இருக்கிறது, அங்கே நோ டச் என்ன செய்யும்? சிலர் நலமானார்கள், சிலர் செத்துப்போனார்கள். எலும்பில் அவர் காட்டிய சாமர்த்தியம் ஆதாரத்தின் மேல் நின்றது. அறுத்த உடல்கள், எக்ஸ்ரே, தொழிலாளியின் கூலி எல்லாம் அவர் பக்கம் இருந்தன. குடல் விஷயத்தில் அந்த ஆதாரம் இல்லை, நம்பிக்கை மட்டும் இருந்தது. 1913-ல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அதே 1913-ல்தான் அவருக்கு பேரனெட் பட்டமும் கிடைத்தது.

நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா 1906-ல் எழுதிய த டாக்டர்ஸ் டிலெமா நாடகத்தில், எந்த நோய்க்கும் உடம்பில் இருந்து ஒரு பையை வெட்டி எடுக்கும் சர்ஜன் ஒருவர் வருவார். அது லேனைக் கிண்டல் செய்வதுதான் என்று இன்றும் பேசப்படுகிறது.

முதல் உலகப்போரில் அவர் ராணுவ மருத்துவத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். முகம் சிதைந்து வந்த வீரர்களுக்கு ஹரோல்ட் கில்லீஸ் என்ற இளம் டாக்டர் புது முகம் செய்துகொடுக்க முயன்றபோது, ஆல்டர்ஷாட்டில் இடமும் ஆதரவும் வாங்கித் தந்தவர்களில் லேன் முக்கியமானவர். சிட்கப்பில் 1917-ல் இதற்கென்றே மருத்துவமனை திறக்கப்பட்டது. நவீன பிளாஸ்டிக் சர்ஜரி அங்கேதான் வளர்ந்தது.

போருக்குப் பிறகு கத்தியை ஓரம் வைத்தார். 1925-ல் நியூ ஹெல்த் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். முழு கோதுமை ரொட்டி சாப்பிடுங்க, காய்கறி, பழம் சாப்பிடுங்க, வெயிலில் நில்லுங்க, உடம்பை அசையுங்க என்று பொதுமக்களிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்தார். டாக்டர் தன் பெயரைப் பத்திரிகையில் போட்டு மக்களிடம் பேசினால் அது விளம்பரம், விதிமீறல் என்று இருந்த காலம். அதனால் மருத்துவர் பதிவேட்டில் இருந்து தன் பெயரை அவரே எடுக்கச் சொன்னார். குடலை வெட்டச் சொன்ன அதே மனுஷர் கடைசியில் நார்ச்சத்தைச் சாப்பிடச் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

1943 ஜனவரி 16 அன்று, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தார். வயது 86.

இன்றைய பிளேட் எங்கே வந்து நிற்கிறது?

லேன் இறந்து ஆறு வருஷத்தில், 1949-ல், பிரஸ்ஸல்ஸில் ராபர்ட் டானிஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிளேட் எலும்பைப் பிடித்துக்கொண்டால் மட்டும் போதாது, உடைந்த இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்தவேண்டும் என்றார். அப்படி அழுத்திவைத்தால் முறிவைச் சுற்றி முண்டு மாதிரி எலும்பு வளராமலே நேரடியாகச் சேர்ந்துவிடுகிறது. அவரைப் பார்க்க சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த மாரிஸ் முல்லர் என்ற இளம் டாக்டர், ஊருக்குப் போய் நண்பர்களோடு சேர்ந்து 1958-ல் பீல் நகரத்தில் ஏஓ என்ற குழுவைத் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் பிளேட் முறைகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை.

மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து உடைந்த கையில் இப்போ என்ன செய்கிறார்கள்? தண்டு எலும்பு கெட்டியானது, அதற்கு அழுத்தம் தரும் பிளேட். பெரியவர்களுக்கு வழக்கமாக 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. மணிக்கட்டு முனை எலும்பு ரஸ்க் மாதிரி பொறுபொறுவென்று இருக்கும், சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது. அதனால் ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருந்து, பிளேட்டோடேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட். பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கமாக வைப்பார்கள்.

இரண்டு முறிவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டையும் தாண்டிப் போகும் ஒரே நீளமான பிளேட் வைக்கலாம். தூரமாக இருந்தால் இரண்டு தனித்தனி பிளேட். அப்போதும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். இரண்டு பிளேட்டுக்கும் நடுவே கொஞ்சூண்டு எலும்பு மட்டும் தாங்கலில்லாமல் நின்றால், அடுத்த தடவை விழும்போது அந்த இடம்தான் முதலில் உடையும். பிளேட் வைத்தபிறகு மணிக்கட்டு மூட்டு நிலையாக இருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்த்த பிறகே தையல் போடுவார்கள். நன்றாகப் பொருந்திவிட்டால் விரல்களை மறுநாளே அசைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் கட்டுக்குள் கிடந்து விரல் விறைத்துப்போகும் பிரச்சினை இதில் குறைவு.

அந்த ஆபரேஷன் மேசையில், எலும்பைப் பிடித்துக்கொள்ள நர்ஸ் எடுத்துக்கொடுக்கும் இடுக்கிகளில் ஒன்றுக்கு இன்றைக்கும் லேன் ஃபோர்செப்ஸ் என்றுதான் பெயர்.

அப்புறம் எல்லாரும் கேட்கும் இன்னொரு கேள்வி, பிளேட்டை எடுக்கணுமா? முன்கையில் தொந்தரவு இல்லை என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். எடுக்கப்போனால் பக்கத்தில் ஓடும் நரம்புக்கு அடிபடலாம், ஸ்க்ரூ இருந்த ஓட்டை வழியாக எலும்பு மறுபடி ஒடியலாம். எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தாலும் ஒன்றரை, இரண்டு வருஷமாவது காத்திருந்து, எடுத்தபிறகும் சில மாதம் அந்தக் கையால் பளு தூக்க வேண்டாம் என்பார்கள். மணிக்கட்டு பிளேட் விஷயம் கொஞ்சம் வேறு. அது தசைநாரில் உரசினால், கட்டைவிரலை மடக்கும்போது கடுக்கென்று இழுத்தால், உடனே டாக்டரைப் பார்க்கணும். உரசல் தொடர்ந்தால் தசைநாரே அறுந்துவிடும்.